“யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது தம்பி”

முதியோர் தற்கொலை பற்றிச் செய்தி வந்தாலே நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பல்லவிதான்: பிள்ளைகள் பார்ப்பதில்லை, காலம் கெட்டுப்போச்சு. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

2020இல் சிங்கப்பூரில் தற்கொலையால் இறந்த 452 பேரில் 154 பேருக்கு 60 வயதோ அதற்கு மேலோ. 1991க்குப் பிறகு இவ்வளவு வந்ததில்லை. கொவிட் காலம், வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார்கள், சரி. ஆனால் 2022இலும் எழுபது வயதுகளில் இருந்தவர்கள் 48 பேர் இப்படி இறந்தார்கள். முந்திய ஆண்டு 30. பயமாகத்தான் இருக்கும். இங்கே முதியவர்களின் தொகையே வேகமாக ஏறுகிறது, 2030க்குள் குடிமக்களில் நாலில் ஒருவருக்கு 65 ஆகியிருக்கும், அதனால் தலையை எண்ணினால் போதாது, லட்சம் முதியவர்களில் எத்தனை பேர் என்று பார்க்கவேண்டும். அப்படிப் பார்த்தால் 1990களின் தொடக்கத்தைவிட இப்போது எவ்வளவோ குறைவு. இது யார் கண்ணிலும் படுவதில்லை. ஆனாலும் பல நாடுகளில் வயதான ஆண்களிடம்தான் விகிதம் அதிகம்.

எங்கள் புளோக்கில் ஒரு பெரியவர். மகன் வீட்டில்தான் இருக்கிறார், பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள், இவர் சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கும். மனைவி போனபிறகு முட்டிவலி, தூக்கமில்லை. ஒருநாள் கோப்பிக் கடையில், ஆசையாக வைத்திருந்த ரேடியோவை யாருக்கோ கொடுத்துவிட்டதாகச் சொல்லி, “யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது தம்பி” என்றார். இதை நம் ஆட்கள் பெருந்தன்மை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. “உயிரை விட்டுடலாம்னு தோணுதா ஐயா?” என்று நேராகவே கேட்டுவிட்டேன். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பலருக்கு யாராவது கேட்டார்களே என்று ஆறுதல்தான். கொஞ்ச நேரம் கோப்பியையே கலக்கிக்கொண்டிருந்தார். அப்புறம் பேசினார். மகனிடம் சொல்லி பாலிகிளினிக் கூட்டிப்போனோம், மனச்சோர்வு என்றார்கள், மருந்து கொடுத்தார்கள். வயசானால் இப்படித்தான் என்று வீட்டில் எல்லோரும் விட்டிருந்தது அதைத்தான்.

அவர் முதலில் கேட்டது “போலிஸ் வருமா?” என்றுதான். வராது என்று நான் எப்படி உறுதி கொடுப்பது? ஆனால் தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் இங்கே குற்றமே இல்லை, அதைச் சொன்னேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லுங்கள்.

தற்கொலை எண்ணம் வருபவர்களுக்கு உதவும் அபய ஆலோசனைச் சங்கத்தின் (SOS) எண் 1767, 24 மணி நேரமும் எடுப்பார்கள். அப்பாவை நினைத்துக் கவலைப்படும் பிள்ளைகளும் கூப்பிடலாம்.