மணப்பாட்டுக் குகைக் கிணறு

ஒரு வருஷமாகச் செபம் வரவில்லை. செபமாலை விரலில் உருளும், மனசு வேறெங்கோ நிற்கும். பூசைக்குப் போவேன், நன்மை (நற்கருணை) வாங்குவேன், வந்தபடியே வீடு திரும்புவேன். விசுவாசமே போய்விட்டதென்று சாமியாரிடம் அழுதேன். "போயிருந்தா, அது போனது உங்களுக்கு ஏம்மா வலிக்குது?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த வாரமே, திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரம் இருக்கும் மணப்பாட்டுக்குப் பஸ் ஏறினேன்.

சின்ன வயதில் செப்டம்பர் 14, திருச்சிலுவைத் திருநாளுக்கு அம்மா கூட்டிப்போவாள். நெரிசலில் அவள் முந்தானையைப் பிடித்தபடி மணல்குன்று ஏறிய ஞாபகம். இந்த முறை ஆளே இல்லை. குன்றின்மேல் கோயிலில் முழந்தாளிட்டு இயேசு கற்றுத்தந்த பரலோக மந்திரம் ஒன்று சொல்லிப் பார்த்தேன். அதே வறட்சி.

கடல் பக்கம் இறங்கினால் சவேரியார் குகை. வேதம் போதிக்க ஐரோப்பாவிலிருந்து வந்த புனிதர் அவர். 1542-ல் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. மந்திரங்களைத் தமிழில் பெயர்த்து வாங்கி, மனப்பாடம் பண்ணி, தெருவில் கைமணி அடித்துப் பிள்ளைகளைச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார். பத்து வருஷம் கழித்து, சீனாவுக்குப் போகும் ஆசையில் அந்தக் கரைக்கு எதிரே ஒரு தீவில் காத்துக் கிடந்தார். கூட்டிப்போவதாகச் சொன்ன படகுக்காரன் வரவேயில்லை. 1552 டிசம்பர் 3-ல் காய்ச்சலில் அங்கேயே உயிர் போயிற்று. வயது 46. படங்களில் சிலுவையை உயர்த்திப் பிடித்து நிற்கும் சவேரியாரைவிட, படகு வராத சவேரியார்தான் அன்றைக்கு எனக்குச் சொந்தக்காரர் மாதிரி இருந்தார்.

பைபிளின் 42-ஆம் திருப்பாடல் நினைவுக்கு வந்தது. நீரோடைக்கு ஏங்குகிற மான். எத்தனையோ தடவை பாடியிருக்கிறேன். அந்த மான் கடைசிவரை தண்ணீர் குடிப்பதே இல்லை என்பது அங்கேதான் உறைத்தது. பாடுகிறவனும் கூட்டத்தோடு கோயிலுக்குப் போன பழைய நாளை நினைத்து அழுகிறவன்தான். கடவுளைக் காணோம் என்று கடவுளிடமே முறையிடுகிறான். இல்லாதவரிடம் யாராவது கோபித்துக்கொள்வார்களா?

குகையில் ஒரு கிணறு. பக்கத்திலேயே கடல் இரைகிறது, கிணற்றிலோ நல்ல தண்ணீர். திருச்செந்தூர் நாழிக்கிணறு போல. உட்கார்ந்திருந்த பாட்டி ஒருத்தி, "குடிச்சுப் பாரும்மா, உப்பே இருக்காது" என்றாள். குடித்தேன். ஒரு பாட்டிலில் பிடித்தும் வைத்துக்கொண்டேன், வீட்டுக்கென்று.

பஸ் பக்கத்து ஊரான குலசை தாண்டுவதற்குள் பாதி காலி.