பக்கம் 61

மார்ச் 2

ஐன்ஸ்டைன் சித்திரக்கதையில் பக்கம் 61-ல் நிற்கிறேன். 1933, சூரிச், பர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனை. அப்பாவும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தப் புகைப்படத்தைப் பார்த்துத்தான் வரைய வேண்டும். இருவரும் கோட் சூட் போட்டிருக்கிறார்கள். ஐன்ஸ்டைன் கையில் வயலினும் வில்லும், பார்வை வேறெங்கோ. எடுவர்ட் தலையைக் குனிந்து ஏதோ காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பென்சிலில் ஏழு முறை போட்டுவிட்டேன், ஐன்ஸ்டைனின் கண் வரவில்லை.

மார்ச் 3

வரவில்லை.

மார்ச் 5

61-ஐ ஒதுக்கிவிட்டு 34-க்குப் போனேன். 1914 ஜூலை, பெர்லின், மனைவி மிலேவாவுக்கு ஐன்ஸ்டைன் எழுதிக்கொடுத்த நிபந்தனைகள். துணிமணி ஒழுங்காக இருக்க வேண்டும், மூன்று வேளைச் சாப்பாடும் அறைக்கே வர வேண்டும், பேச்சை நிறுத்து என்றால் உடனே நிறுத்த வேண்டும், வெளியே போ என்றால் மறுபேச்சில்லாமல் போக வேண்டும். எடிட்டர் இதைப் பேச்சுக்குமிழியில் போடச் சொல்கிறார். முடியாது என்று சொல்லிவிட்டேன். வாய்விட்டுக் கத்தியிருந்தால் ஏதோ ஆத்திரம் என்று விட்டுவிடலாம், இது உட்கார்ந்து, யோசித்து, வரிசை போட்டு எழுதியது. அதனால் பக்கம் முழுக்கக் கையெழுத்துதான். தாளின் ஓரத்தில் மிலேவாவின் கட்டைவிரல் மட்டும் தெரியும்.

ஜூலை 28 எடுவர்டுக்கு நான்கு வயது. மறுநாள் மிலேவா பிள்ளைகளோடு ரயிலேறிவிட்டார். வழியனுப்பிவிட்டு வந்து ஐன்ஸ்டைன் அழுதார். அதையும் வரைவேன், விட மாட்டேன்.

மார்ச் 6

மருத்துவமனைக்குப் போய் அவனைப் பார்த்தேன். பேசவில்லை. சாப்பிட்டான்.

மார்ச் 9

லீசெர்ல். கல்யாணத்துக்கு முன்பே, 1902-ல் ஐன்ஸ்டைனுக்கும் மிலேவாவுக்கும் பிறந்த பெண் குழந்தை. 1987-ல் கடிதங்கள் அச்சாகும்வரை இப்படி ஒரு குழந்தை இருந்ததே வெளியுலகத்துக்குத் தெரியாது. ஐன்ஸ்டைன் எழுதிய 1903 செப்டம்பர் கடிதத்தில் அவளுக்குச் செங்காய்ச்சல் என்று வருகிறது, அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுவிடலாம் என்று முதலில் நினைத்தேன், அது வரைய வேண்டியவன் தப்பித்துக்கொள்கிற வழி. அதே கடிதத்தில் குழந்தையை எப்படிப் பதிவு செய்திருக்கிறது என்று விசாரிக்கிறார், பின்னால் அவளுக்குச் சிக்கல் வரக்கூடாதே என்று. அப்போது அவருக்கு பெர்ன் காப்புரிமை அலுவலகத்தில் வேலை. நாளெல்லாம் அடுத்தவர் கண்டுபிடிப்புகளைப் பரிசீலிக்கிற அந்த மேசையை வரைகிறேன். விண்ணப்பக் கட்டுகள், வரைபடங்கள், மைக்கூடு, நடுவில் இந்தக் கேள்வி.

மார்ச் 10

அந்த மெயிலுக்கு இன்னும் பதில் போடவில்லை. 20-ஆம் தேதி கடைசி.

மார்ச் 13

தூங்கவில்லை, எழுதியே தீர வேண்டும். 1933-ல் ஐன்ஸ்டைன் போனது தப்பா? ஹிட்லர் வந்தாகிவிட்டது, ஜெர்மனிக்குத் திரும்பவே முடியாது, அக்டோபரில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன். சரி, போக வேண்டியிருந்தது, உயிர் பிழைக்கப் போகிறவரை யார் குற்றம் சொல்ல முடியும். ஆனால் 1955 ஏப்ரலில் சாகும்வரை அந்த மகனை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. மகனைப் பார்த்துக்கொண்டது மிலேவா, 1948-ல் சாகும்வரை. பணம் வந்தது, நோபல் பரிசுப் பணமும் அந்தக் குடும்பத்துக்குத்தான் போனது. கடிதம்? ஏன் எடுவர்டுக்கு எழுதுவதில்லை என்பதற்கு 1954-ல் அவரே ஒருவருக்கு விளக்கம் எழுதுகிறார், தன்னாலேயே முழுதாக அலச முடியாத ஏதோ ஒரு தடை என்கிற அர்த்தத்தில். அண்டத்தின் வடிவத்தை யோசித்த மூளை இந்த இடத்தில் கையை விரித்துவிடுகிறது. அதைப் படித்ததிலிருந்து அவர்மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை, அந்தத் தடை எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், மருத்துவமனை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்த நாட்கள் எனக்கும் உண்டு.

அறிவியல் பக்கங்களைக் குறைக்கச் சொல்லி எடிட்டர் கேட்டதற்கு இன்றும் முடியாது என்றுதான் சொன்னேன். 1915 நவம்பர் 25, பிரஷ்ய அகாடமியில் பொதுச் சார்பியலின் அந்தச் சமன்பாடுகளை வைத்தவரும் இவர்தான், அதே மாதத்தில் பதினொரு வயது மூத்த மகன் ஹான்ஸ் ஆல்பர்ட்டோடு கடிதத்தில் மனத்தாங்கல் பட்டவரும் இவர்தான். இரண்டும் ஒரே பக்கத்தில், ஒரே தடிமன் கோட்டில் வர வேண்டும்.

மார்ச் 14

கண் வரவில்லை.

மார்ச் 15

61-ஆம் பக்கத்தின் பென்சில் படத்தை எடுத்துக்கொண்டு போனேன். ரொம்ப நேரம் பார்த்தான். "அந்தக் காகிதத்துல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டான். மூன்று வாரமாக என்னிடம் அவன் கேட்ட முதல் கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை நாள் அப்பாவின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், மகன் கையில் இருப்பதைப் பார்க்கவே இல்லை.

மார்ச் 16

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். இப்போது எடுவர்டின் தோளுக்குப் பின்னாலிருந்து பார்க்கிறோம். கவிதை எழுதினவன், பியானோ வாசித்தவன், மருத்துவம் படிக்கப் போனவன், அறைச் சுவரில் ஃப்ராய்டு படம் மாட்டியிருந்தவன். முதல் பக்கத்திலிருந்தே இவன் வந்திருக்க வேண்டும். காகிதங்கள் பெரிதாக, கட்டத்தின் முக்கால்வாசி இடத்தில். ஐன்ஸ்டைன் ஓரத்தில், வயலினின் ஒரு பாதியும் ஒரு கையும். கண் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

மார்ச் 18

காகிதத்தில் எழுத்து போடுவதா வேண்டாமா? போட்டால் பொய். போடாவிட்டால் அவன் கேட்பான்.

மார்ச் 19

பார்வையாளர் நேரம் இன்று நான்கு மணி. பென்சில் வேண்டுமாம், மெல்லிய முனை உள்ளது. பதில் நாளைக்குள்.