வேலைக்குக் கொடுத்த பணத்துக்குப் புரோநோட்டு

அரசு வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன புரோக்கரிடம் லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு, "சும்மா ஒன்றும் கொடுக்கவில்லை, எழுதித்தான் வாங்கியிருக்கிறோம்" என்று தெம்பாக இருப்பவர்கள் நம் பக்கம் நிறைய. எழுதி வாங்கியது பெரும்பாலும் ஒரு புரோநோட்டாக இருக்கும். அதில் வேலை என்ற பேச்சே இருக்காது. குடும்ப அவசரச் செலவுக்குக் கைமாற்றாக வாங்கியதாகவும், கேட்கும்போது வட்டியோடு திருப்பித் தருவதாகவும் நாலு வரி, கீழே ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் குறுக்காக ஒரு கையெழுத்து, அப்புறம் மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் என்று இரண்டு சாட்சி.

இது செல்லுமா என்றால், நேர்மையான பதில்: உண்மை வெளியே வராத வரைக்கும்தான்.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23வது பிரிவு, சட்டம் தடுத்த காரியத்துக்காகவோ பொதுநலக் கொள்கைக்கு எதிராகவோ போடப்படும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அந்தப் பிரிவுக்குக் கீழேயே சில உதாரணங்கள் உண்டு. அதில் ஒன்று, அரசுப் பணி வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொல்ல, அதற்கு 1,000 ரூபாய் தருகிறேன் என்று இன்னொருவர் ஒத்துக்கொள்வது. அச்சு அசல் நம்ம ஊர் கதை! 150 வருஷத்துக்கு மேல் ஆகியும் ரேட் மட்டும்தான் ஏறியிருக்கிறது.

வேறு பெயர் போட்டு எழுதுவதும் புதிதில்லை. 1725இல் இங்கிலாந்தில் இரண்டு வழிப்பறிக்காரர்களில் ஒருவர், கூட்டாகச் சம்பாதித்ததில் பங்கு சரியாக வரவில்லை என்று மற்றவர் மேல் வழக்கே போட்டார். மனுவில் கொள்ளை என்றா எழுதுவார்கள், ஏதோ கூட்டு வியாபாரம் என்று நாசூக்காக. நீதிமன்றம் வழக்கைத் தள்ளியதோடு, அதைக் கொண்டுவந்த வக்கீல்களுக்கும் அபராதம் போட்டது. கட்சிக்காரர்கள் இருவரும் பின்னாளில் தூக்கில் தொங்கினார்கள், அது தனிக்கதை.

புரோநோட்டில் கையெழுத்து நிரூபணமானால், பணம் கைமாறியது என்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும், செக்குக்கும் அப்படித்தான். ஆனால் அது எதிர்த்தரப்பு உடைக்கக்கூடிய அனுமானம். செக் பவுன்ஸ் வழக்கென்றால், சட்டப்படி வசூலிக்கத்தக்க கடனுக்குக் கொடுத்த செக்காக அது இருக்க வேண்டும். "இது கடனே இல்லை, வேலைக்காகக் கொடுத்தது" என்று புரோக்கரே கூண்டில் ஏறிச் சொன்னால் அவரும்தான் மாட்டுவார், ஆனாலும் சிலர் அந்தத் துணிச்சலுக்கு வந்துவிடுகிறார்கள். இரண்டு பேர் கையும் கறை என்றால் நீதிமன்றம் யாருக்கும் கை கொடுக்காது, பணம் இருக்கிற இடத்திலேயே இருக்கும். அதாவது ஏமாற்றியவன் பையில். எனக்கு இது கசப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலை கிடைக்காவிட்டால் கோர்ட் மூலம் பணம் திரும்பும் என்று ஆகிவிட்டால், லஞ்சத்துக்கு அரசாங்கமே இன்சூரன்ஸ் கொடுத்த மாதிரி ஆகிவிடும், அதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

விதிவிலக்கு உண்டு. இரு தரப்பும் சமமான குற்றவாளிகள் இல்லையென்றாலோ, சட்டவிரோத நோக்கம் பெரிதாக நிறைவேறும் முன்பே ஒருவர் பணத்தைத் திரும்பக் கேட்டாலோ உதவலாம் என்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. அதை நம்பி முன்கூட்டியே பணம் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

சரி, போலீஸுக்குப் போகலாமே? மோசடிப் புகார் கொடுக்கலாம், பலர் கொடுக்கிறார்கள். ஆனால் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு அரசு ஊழியருக்கு லஞ்சம் கொடுப்பதும் நேரடிக் குற்றம். கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் மட்டும் தப்பலாம். பேசித் தீர்ப்பதும் இப்போது எளிதில்லை. போக்குவரத்துக் கழக வேலைக்குப் பணம் வாங்கிய வழக்கில், இரு தரப்பும் சமரசமாகிவிட்டதை ஏற்றுச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை, உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தள்ளிவிட்டு வழக்கை மறுபடி நடத்தச் சொன்னது. ஊழல் சமூகத்துக்கே எதிரான குற்றம், இரண்டு பேர் பேசி முடித்துக்கொள்ளும் சங்கதி இல்லை என்பது அதன் சாரம்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் வக்கீலிடமாவது முழு உண்மையைச் சொல்லுங்கள். அவரிடமும் கைமாற்று என்றே சாதித்தால், "லிஸ்ட் எப்பண்ணே வரும்?" என்று நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜை எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் நீட்டும்போதுதான் அவருக்கே விஷயம் தெரியவரும்.