பழைய செட்டிநாட்டு வீடுகளில் வயரிங் பழகிய கதை

பத்தாவது முடித்துவிட்டு என்ன செய்யலாம் என்று யோசிக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது எலக்ட்ரீசியன் வேலைதான். ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) 2 வருடம் படிப்பு, அதற்கப்புறம் அப்ரண்டிஸ், அதாவது வேலை செய்துகொண்டே பயிற்சி. 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சியின்போதே மாதாமாதம் உதவித்தொகை உண்டு.

ஆனால் எனக்குக் கை பழகியது காரைக்குடியில் ஒரு அண்ணனோடு வேலைக்குப் போனபோதுதான். கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் எல்லாம் பெரிய பெரிய வீடுகள், சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்துப் பூசிய வழவழப்பான சுவர்கள், அதை வெட்டி பைப் பதித்துவிட்டால் அதே மாதிரி திரும்பப் பூச ஆள் கிடைப்பது கஷ்டம் என்பதால், வயரைத் தாங்கச் சுவரில் அடித்திருந்த பழைய ரீப்பர் கட்டை போன தடத்திலேயே புது வயரைக் கொண்டுபோவோம். பழைய ரப்பர் வயரைத் தொட்டாலே மேலுறை பொடிப்பொடியாக உதிரும். பல வீடுகளில், கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் எர்த் வயரே இருக்காது. முதலில் எர்த், அடுத்து 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்), விளக்கும் விசிறியும் எல்லாம் அப்புறம்தான். வயரின் தடிமன் லைட்டுக்கு 1.5 ஸ்கொயர் எம்எம், பவர் பிளக்குக்கு 2.5. இதில் கஞ்சத்தனம் பார்க்கவே கூடாது.

“மெயினை ஆஃப் பண்ணிட்டேன்னு நானே சொன்னாலும் நம்பாதடா தம்பி, டெஸ்டர் வச்சுப் பாரு” என்பார் அண்ணன். டெஸ்டர் சரியாக எரிகிறதா என்று கரண்ட் உள்ள பிளக்கில் பார்த்துவிட்டுத்தான் வயரில் வைக்கச் சொல்வார்.

பெண் பிள்ளைகளும் தாராளமாகச் சேரலாம். பத்தாவது ரிசல்ட் வரும் சமயத்தில் ஐடிஐ சேர்க்கை அறிவிப்பைக் கவனியுங்கள், மார்க் ஷீட்டையும் சாதிச் சான்றிதழையும் இப்போதே எடுத்து வையுங்கள்.