ராஜா இல்லாத கோட்டை, டிரான்ஸ்பார்மர் இல்லாத ஆம்ப்ளிஃபயர்

தண்ணீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை என்று வேலூரைக் கிண்டல் செய்வது பழைய கதை. காட்பாடியில் என் ரிப்பேர் கடைக்கு ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் டிரான்ஸ்பார்மர் இல்லாத வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி வந்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

இல்லாதது, வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் மட்டும்தான். மெயின்ஸ் டிரான்ஸ்பார்மர் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தது. 300 ஓம் ஹெட்போனுக்காக யாரோ செய்து கொடுத்தது. சேனலுக்கு, அதாவது ஒவ்வொரு காதுக்கும், சிக்னலைப் பெருக்க ஒரு ஈசிசி83 வால்வு, ஹெட்போனை ஓட்ட ஒரு 6080 வால்வு. 8 ஓம் ஸ்பீக்கரை வால்வால் நேராக ஓட்டுவது பெரும்பாடு. 300 ஓம் என்றால் 6080-க்குப் பெரிய சுமையில்லை.

"பாட்டு நின்னா டப்டப்புன்னு மோட்டார் படகு ஓட்டுது தம்பி" என்றார்.

மூடியைக் கழற்றினால் விஷயம் தெரிந்துவிட்டது. ஹம் என்ற ரீங்காரத்தை அடக்க, ஹெட்போன் முனையிலிருந்து முதல் வால்வின் கேத்தோடு (எலக்ட்ரான் கிளம்பும் முனை) வரைக்கும் ஒரே ஃபீட்பேக் லூப்: வெளியே வரும் சிக்னலில் கொஞ்சத்தை எதிர்த்து நிற்கத் திருப்பி அனுப்புவது. வழியில் சிக்னலை மட்டும் கடத்தும் மூன்று கப்ளிங் கண்டென்சர். போதாததற்கு எல்லா ஸ்டேஜுக்கும் பொதுவான சப்ளை. தாழ்ந்த ஸ்வரத்தில் ஒவ்வொன்றும் ஃபேஸை, அதாவது அலையின் நேரத்தை, கொஞ்சம் கொஞ்சம் திருப்ப, எதிர்த்து நிற்க வேண்டிய சிக்னல் கடைசியில் ஒத்து ஊதுகிறது.

லூப்பை வெட்டினேன். படகு நின்றது. ஆனால் கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் மடங்கு, தலைக்குமேல். ஈசிசி83-இல் இரண்டு ஸ்டேஜ் வைத்ததே, பெருக்கியதை லூப் தின்னட்டும் என்றுதான். ஒரு பாதிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, மற்ற பாதியின் கேத்தோடு பைபாஸ் கண்டென்சரையும் கழற்றினேன். 100 கிலோ ஓம் லோடு, 1.5 கிலோ ஓம் கேத்தோடு ரெஸிஸ்டன்ஸ். 60 மடங்கு இருந்த கெயின் 32 ஆனது. தன் கரண்ட் ஏறினால் தன் கேத்தோடே தன்னை இழுத்துப் பிடிக்கிறது. வெளியிலிருந்து யாரும் வந்து திருத்த வேண்டியதில்லை. இதுதான் லோக்கல் ஃபீட்பேக்.

6080-க்குள் இரண்டு டிரையோடு, அதாவது ஒரே கண்ணாடிக்குள் இரண்டு வால்வு. இரண்டு கேத்தோடையும் சேர்த்து ஒரே ரெஸிஸ்டன்ஸில் விட்டிருந்தார்கள். மீட்டரை இடையில் வைத்துப் பார்த்தால் ஒன்று 68 மில்லி ஆம்பியர், மற்றது 32. சுமையை ஒருவன் தூக்க, இன்னொருவன் கைபிடித்து நடந்த கதை. ஆளுக்கு ஒரு 2 கிலோ ஓம், 10 வாட் ரெஸிஸ்டன்ஸ் போட்டேன். ஆளுக்கு ஒரு 47 மைக்ரோ ஃபாரட் அவுட்புட் கண்டென்சர். அப்புறம் பார்த்தால் 51, 49. இந்த வால்வு ரெகுலேட்டருக்காகச் செய்தது, இரட்டையர்கள் ஒரே மாதிரி இருப்பார்கள் என்று நம்பக் கூடாது. இதுவும் அதே லோக்கல் ஃபீட்பேக்தான், டிசி-யில், அதாவது நிலையாக ஓடும் கரண்டில். 6080 இங்கே கேத்தோடு ஃபாலோயர், கேத்தோடிலிருந்தே சிக்னலை வெளியே கொடுப்பது; அது முழுக்க முழுக்க லோக்கல் ஃபீட்பேக்தானே. கொடுத்த சிக்னலில் பாதிக்குச் சற்று மேல்தான் வெளியே வரும். ஹெட்போனுக்கு அது தாராளம்.

சரி, முடிந்தது என்று காதில் மாட்டினேன். ஹம்! படகுக்குப் பதில் தேனீ. என் தப்பு. 6080-இன் மியூ (வால்வின் பெருக்கும் திறன்) வெறும் 2. கேத்தோடு ஃபாலோயரில் சப்ளையின் ஆட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அப்படியே வெளியே வரும். இவ்வளவு நாள் அந்தப் பெரிய லூப் அதை மறைத்துக்கொண்டிருந்தது. திட்டிக்கொண்டே வெட்டியவனுக்கு அதன் உதவி வெட்டிய பிறகுதான் புரிந்தது. சப்ளையில் அந்த ஆட்டத்தை அடக்க ஒரு சோக் (இரும்பில் சுற்றிய கம்பிச் சுருள்), இன்னொரு 220 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர். தேனீயும் போனது.

ஹெட்போன் முனைக்குக் குறுக்கே ஒரு ரெஸிஸ்டன்ஸும் போட்டேன். கேத்தோடில் 100 வோல்ட் நிற்கிறது, கண்டென்சர் கசிந்தால் காதுக்கு வந்துவிடும். இதை மட்டும் யாரும் மறக்கக் கூடாது.

சார் அரை மணி நேரம் கண்ணை மூடிக் கேட்டார். அப்புறம் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, புதிதாக உட்கார்ந்திருந்த சோக்கைத் தட்டினார்.

"இரும்பு வேணாம்னுதானே தம்பி இதை வாங்கினேன்?"