ஆம்ப்பை அணைக்கலாமா, விடலாமா?

ஹை-ஃபை பைத்தியம் பிடித்த இரண்டு பேர் சந்தித்தால் காபி ஆறுவதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும்: ராத்திரி ஆம்ப்ளிஃபயர் முதலான பாட்டு சிஸ்டத்தை அணைத்துவிட்டுப் படுப்பீர்களா, அப்படியே விட்டுவிடுவீர்களா? அணைப்பேன் என்று சொன்னால் ஒரு பார்வை பார்ப்பார்கள். சாம்பாருக்கு ரெடிமேட் பொடி போடுகிறேன் என்று மாமியாரிடம் சொன்னால் கிடைக்குமே, அந்தப் பார்வை.

நான் அணைக்கிற கட்சி. ஆனால் எல்லாவற்றையும் இல்லை. அது பெட்டியைப் பொறுத்தது, அதைவிட ஊரைப் பொறுத்தது. நான் இருப்பது சென்னை திருவான்மியூரில், கடலுக்குக் கொஞ்சம் தள்ளி. கல்லூரியில் இயற்பியல் லேப் பார்த்துக்கொள்கிற வேலை என்பதால் மீட்டர் வைத்து அளக்காமல் எதையும் நம்பாத குணம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

எப்போதும் ஆனிலேயே வையுங்கள் என்பது யாரோ கிளப்பிவிட்ட கதை அல்ல. இங்கிலாந்தில் சாலிஸ்பரியில் இருக்கும், ஹை-ஃபை கருவிகள் செய்யும் நேம் நிறுவனமே தன் ஆம்ப்களை நீண்ட நேரம் ஆனில் வைத்திருக்கச் சொல்லும். காரணமும் உண்டு. வழக்கமான கிளாஸ் ஏபி ஆம்ப்பில் பாட்டு ஓடாதபோதும் அவுட்புட் ட்ரான்சிஸ்டர்கள் வழியாகக் கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். பயாஸ் என்பது அதுதான். ஹீட்சிங்க், அதாவது சூட்டை வெளியே விடும் உலோகத் தகடு, தன் சூட்டுக்கு வந்த பிறகுதான் அது சரியான அளவில் நிற்கும். அந்த பயாஸை அறிய, என் ஆம்ப்பில் எமிட்டர் ரெசிஸ்டருக்குக் குறுக்கே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். போட்டவுடன் 9 மில்லிவோல்ட், கால் மணி நேரத்தில் 13, அரை மணியில் 14-ஐ ஒட்டி வந்து நின்றது. அப்புறம் விடிய விடிய விட்டுவைத்தாலும் அங்கேயேதான் நிற்கிறது.

அந்த முதல் அரை மணியில் சத்தம் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது என்று சொல்கிறவரோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். பயாஸ் குறைந்திருந்தால் மெல்லிய ஒலிகளில்தான் சிதைவு தெரியும். கச்சேரி தொடங்கும் முன் தம்புரா மட்டும் கேட்கும் நேரத்தில் எனக்கே சந்தேகம் வந்ததுண்டு. ஆனால் மூன்று நாள் சூடேறினால்தான் காதுக்கு முன்னால் மேடை விரியும், மிருதங்கக்காரர் தன் இடத்தில் உட்காருவார் என்பவர்களிடம் நான் என்ன பேசுவது?

டாக்கிலும், அதாவது டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கு ஏற்ற சிக்னலாக மாற்றும் பெட்டியிலும், இதே பேச்சு உண்டு. உள்ளே கடிகாரமாக இருக்கும் கிறிஸ்டல் ஆசிலேட்டர் ஒரு நிலைக்கு வர நிமிடக் கணக்கு போதும். என்னுடையதைப் போலவே ஒரு டாக் வைத்திருக்கும் நண்பர் அதைக் கொண்டுவந்தார். ஒன்றை முந்தின வாரத்திலிருந்து ஓடவிட்டிருந்தோம், இன்னொன்றை அரை மணி முன்னால்தான் போட்டோம். என் மகள் மறைவாக உட்கார்ந்து மாற்றி மாற்றி இணைத்தாள். நாங்கள் இருவரும் மிகுந்த நம்பிக்கையோடு தப்புத் தப்பாகச் சொன்னோம். காசு சுண்டிப் போட்டிருந்தாலே இதைவிட நன்றாக வந்திருக்கும் என்றாள்.

சரி, பில்லுக்கு வருவோம். சுவர் பிளக்கில் செருகும் சின்ன மீட்டர் ஒன்று வைத்திருக்கிறேன். பாட்டே இல்லாமல் சும்மா இருக்கும்போது என் ஆம்ப் 38 வாட் இழுக்கிறது. நாள் முழுக்க விட்டால் இரண்டு மாதக் கணக்கில் கிட்டத்தட்ட 55 யூனிட். தினம் இரண்டு மணி நேரம் மட்டும் என்றால் 5 யூனிட் அளவில் முடிந்துவிடும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் 500-ஐத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்களுக்கு மட்டுமல்ல, கீழ்ப்படியில் இருப்பவற்றுக்கும் விலை ஏறும். மே மாதம் ஏசி ஓடும் வீடு அந்த 500-ன் விளிம்பில் நிற்கும்போது 50 யூனிட் சின்ன விஷயமா?

கிளாஸ் ஏ ஆம்ப்காரர்கள் கதை தனி. பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது ஏறக்குறைய ஒரே அளவுதான் இழுக்கும். 200 வாட் இழுக்கும் ஒன்றை இரண்டு மாதம் அணைக்காமல் விட்டால் 288 யூனிட். அவ்வளவும் சூடாகக் கூடத்தில்தான் இறங்கும். அதை வெளியே தள்ள ஏசி இன்னும் கொஞ்சம் கரண்ட் கேட்கும். குளிர்நாட்டில் அது ரூம் ஹீட்டருக்கு ஒத்தாசை, இங்கே தண்டச் செலவு.

ட்ரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்கள் உள்ள வால்வு ஆம்ப்பில் விவாதமே கிடையாது. கேட்டு முடித்ததும் அணைத்துவிடுங்கள். ஈஎல்34 மாதிரியான பவர் வால்வின் ஆயுள் சில ஆயிரம் மணி நேரம்தான். ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

எனக்கு உண்மையில் கவலை தருவது எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள். பவர் சப்ளையில் டப்பா டப்பாவாக நிற்குமே, அவை. உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல வற்றும். 85 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று தயாரிப்பாளர் சொல்வார். 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. வெயில் காலத்தில் பூட்டிய வீட்டில், கண்ணாடிக் கதவு போட்ட டிவி ஸ்டாண்டுக்குள் இருக்கும் ஆம்ப்பின் வயிற்றில் 55 டிகிரி சாதாரணம். அப்படியானால் 16,000 மணி நேரம். அணைக்காமல் விட்டால் இரண்டு வருடத்துக்குள் தீர்ந்துவிடும். தினம் இரண்டு மணி நேரம் என்றால் 20 வருடத்தைத் தாண்டும். நிஜத்தில் கெப்பாசிட்டர்கள் காகிதக் கணக்கைவிட அதிகமாகவே உழைக்கின்றன, அந்த நாளில் பட்டென்று செத்தும் போவதில்லை. மெதுவாக ஸ்பீக்கரில் ஹம் என்ற ரீங்காரம் வரத் தொடங்கும். ஆனாலும் விகிதம் அதேதான். கண்ணாடிக் கதவைக் கழற்றிவிட்டு ஆம்ப்புக்கு மேல் ஒரு சாண் இடம் விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

எதிர்க்கட்சியின் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. டொராய்டல் (வளைய வடிவ) ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள பெரிய ஆம்ப்பைப் போடும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் பாயும், அறை விளக்கு ஒரு கணம் மங்கும். சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி சால்டரில் விரிசல் விழும். அந்த முதல் பாய்ச்சலை அடக்கத்தான் நல்ல ஆம்ப்களில் கரண்டை மெதுவாக விடும் சாஃப்ட் ஸ்டார்ட் வைக்கிறார்கள். தினம் ஒரு தடவை போட்டு அணைப்பதை அவை தாங்கும். ஆனால் ஒரு பாட்டு கேட்டு அணைத்து, டீ குடித்துவிட்டு வந்து மறுபடி போடுகிற ஆளாக இருந்தால் சாயங்காலம் முழுக்க விட்டுவைப்பதே மேல்.

எங்கள் பகுதியில் எதிர்க்கட்சிக்கு இன்னொரு ஓட்டும் விழும். உப்புக்காற்று. இங்கே ஏசியின் வெளிப்பெட்டி துருப்பிடித்து உதிரும், ஒயர் செருகும் ஆர்சிஏ சாக்கெட்டுகள் பச்சை பூக்கும், ரிலே (உள்ளே இருக்கும் தானியங்கி சுவிட்ச்) முனைகள் கறுத்து ஒரு பக்க ஸ்பீக்கர் திடீரென்று ஊமையாகும். கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும் பெட்டியில் ஈரம் படியாது. அதனால் டாக்கையும், ரெக்கார்டு பிளேயருக்கான ஃபோனோ ஸ்டேஜ் என்ற சின்னப் பெட்டியையும் நான் அணைப்பதில்லை. இரண்டும் சேர்ந்து 10 வாட், இரண்டு மாதத்துக்கு 14 யூனிட் சொச்சம். வாசலில் கோலத்துக்கு மேல் எரியும் பல்பைவிட அதிகம் என்கிறாள் மனைவி. இருக்கட்டும்.

ஆனால் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்பை அணைக்கவைத்தது பில்லும் இல்லை, கெப்பாசிட்டரும் இல்லை. பல்லி. ஹீட்சிங்க் சூடு அதற்குப் பிடிக்கும், பச்சை எல்இடி வெளிச்சத்துக்கு வரும் பூச்சியும் பிடிக்கும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் செத்த ஆம்ப்களைத் திறக்கும்போது முதலில் வால்தான் தேடுவாராம். “சார், பாதி கேஸ் இதுதான். ப்ளஸ்ல தலை, மைனஸ்ல வால்” என்று சிரிப்பார். ஆம்ப்பின் அவுட்புட் பகுதி அப்படி ஷார்ட் ஆகி, பாதுகாப்பு ரிலேயும் கைவிட்டால் டிசி, அதாவது ஒரே திசையில் பாயும் கரண்ட், நேராக ஸ்பீக்கருக்குப் போகும். கனத்த ஒலிக்கான வூஃபரின் காயில் எரிந்து நாறும்போது வீட்டில் ஆள் இருப்பது நல்லது.

அடுத்தது கரண்ட். நேம்காரர்கள் எழுதியது சாலிஸ்பரி கரண்டை நினைத்து. இங்கே ராத்திரி எல்லோரும் தூங்கியதும் என் வீட்டில் 255 வோல்ட் வரை பார்த்திருக்கிறேன். அதுகூடப் பரவாயில்லை. ஒரு மழை இரவில் எங்கோ நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) கழன்று, எதிர் வீட்டில் டிவி, ஃப்ரிட்ஜ், வைஃபை பெட்டி எல்லாம் ஒன்றாகப் போய்விட்டன. மூன்று ஃபேஸில் நியூட்ரல் போனால் 230 வரவேண்டிய இடத்தில் 400-ஐ நெருங்கி வரலாம். சாதாரண ஸ்டெபிலைசரால் அதைத் தாங்க முடியாது. அளவு மீறினால் வெட்டிவிடும் ஓவர்-வோல்டேஜ் ரிலே ஒன்றை மெயின் போர்டில் எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டிக்கொண்டேன். அதை நம்பித்தான் டாக் இரவில் விழித்திருக்கிறது. ஸ்டாண்ட்பை உள்ள புது ஆம்ப் வைத்திருப்பவர்கள் கவனிக்கவேண்டியதும் இதுதான். ஐரோப்பிய விதிப்படி 2013 முதல் ஸ்டாண்ட்பை அரை வாட்டுக்கு மேல் போகக்கூடாது, பில்லில் அது தெரியாது. ஆனால் பெட்டி கரண்டோடு தொடர்பில்தான் இருக்கிறது. சுவர் சுவிட்சை அணைத்தால்தான் அணைத்ததாக அர்த்தம்.

வரிசையும் முக்கியம். போடும்போது டாக், ப்ரீ (பவர் ஆம்ப்புக்கு முன்னால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) எல்லாம் முதலில், பவர் ஆம்ப் கடைசியில். அணைக்கும்போது பவர் ஆம்ப் முதலில். மாற்றிச் செய்தால் ஸ்பீக்கர் ‘டொப்’ என்று அடிக்கும், கீச்சு ஒலிக்கான ட்வீட்டருக்கு அது ஆகாது. கரண்ட் போய்த் திரும்ப வரும்போது கொஞ்சம் தடுமாறும் என்பதால் ஐந்து நிமிடம் கழித்தே எதையும் போடுவேன்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி இறங்கும்போது மட்டும் டாக் உட்பட எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுவோம். வீட்டில் கேபிள் டிவி ஒயர் செட்-டாப் பாக்ஸ் வழியாக ஆம்ப்போடு இணைந்திருந்தால் அதையும் கழற்றுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதை மறக்கிறவர்கள் நிறைய. மின்னல் அந்த ஒயர் வழியாகவும் உள்ளே வரும்.