பாமினியில் கிடக்கும் பாடநூலைக் காதுக்குக் கொண்டுவருதல்

ஜே, கே, பி, ஓ, செமிகோலன். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய 'தமிழ்' என்ற சொல்லின் மேல் எழுத்தெழுத்தாக நகர்ந்தால், திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் சொல்வது இதைத்தான். திரையில் பார்ப்பவருக்கு அழகான தமிழ். கணினிக்கோ அது ஆங்கில விசைகளின் வரிசை. விழிப்புலனற்ற பிள்ளையிடம் பென் டிரைவில் பாடக்குறிப்பைக் கொடுத்துவிட்டு 'கொடுத்தாயிற்று' என்று ஆசிரியர் நிம்மதியாகப் போவதும், பிள்ளை 'ஒன்றும் விளங்கவில்லை' என்று திரும்பி வருவதும் இதனால்தான்.

திருகோணமலையில் சாதாரண பாடசாலைகளில், மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படிக்கும் 10ஆம், 11ஆம் தரப் பிள்ளைகளுக்காக வரலாறு, புவியியல், சமய நூல்களைக் கேட்கக்கூடிய கோப்புகளாக மாற்றும்போது கற்றவை கீழே. வலது குறைந்தோரின் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவன அனுமதியில் பாகுபாடு கூடாது என்கிறது. ஆனால் அனுமதி கிடைத்த பிள்ளையின் கையில் வாசிக்க முடியாத புத்தகம் இருந்தால் வகுப்பில் உட்கார்ந்திருப்பதோடு சரி.

தொடங்குமுன் ஆசிரியரிடம் தவணைத் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். முதற் பக்கத்தில் தொடங்கி ஒழுங்காகப் போகலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். வகுப்பில் 4ஆம் அலகு நடக்கும்போது நாம் 1ஆம் அலகில் நின்றால் அந்த உழைப்பு பிள்ளைக்கு அந்த வாரம் உதவாது. வரப்போகும் இரண்டு வாரப் பாடத்தை முதலில் முடித்துவிட்டு, விட்ட அலகுகளை விடுமுறையில் பிடிப்பதே எங்கள் வழக்கம்.

பீ.டி.எஃப் கையில் கிடைத்ததும் செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு, அரை நிமிடம் போதும். ஒரு பந்தியைப் பிரதி செய்து நோட்பேட்டில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோட், அதாவது கணினிக்கும் தமிழாகவே தெரியும் குறியீடு. ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தால் பாமினி அல்லது அதன் சாயலில் வந்த ஏதோவொரு எழுத்துரு. தெரிவு செய்யவே முடியாவிட்டால் அது வெறும் படம். நான்காவது வகைதான் ஆளை ஏமாற்றும்: தமிழாக வரும், ஆனால் கொம்பு இடம் மாறி, 'பெயர்' என்பதில் கொம்பு முதலில் தனியாக நின்று 'பயர்' பின்னால் வரும். இந்த நான்காவதைத் திருத்தப் போகாதீர்கள். அதைப் படமாகவே எண்ணி, படத்தில் உள்ள எழுத்தை உரையாக்கும் எழுத்துணரிக்கு அனுப்புவது சுகம்.

பாமினி என்று தெரிந்தால், அதை யூனிகோட்டாக்கும் மென்பொருளான மாற்றிக்கு அனுப்ப வேண்டும். என்.எச்.எம். கன்வேர்ட்டர் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். இணையத்திலும் இலவச மாற்றிகள் உள்ளன. மாற்றுவது சில விநாடி வேலை, அதற்குப் பிறகு வருவதுதான் நாட்கணக்கு. மாற்றிக்கு எது தமிழ், எது உண்மையான ஆங்கிலம் என்று தெரியாது, எல்லாவற்றையும் தமிழாக்கிவிடும். புவியியல் நூலில் கிலோமீற்றரைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்தும் 'மஅ' என்று வெளியே வரும், சென்ரிமீற்றர் 'உஅ' ஆகும். 'மெப்' என்ற ஆங்கிலச் சொல் 'அயி' ஆகிவிடும். போதாக்குறைக்கு, ஆங்கிலத்தில் காற்புள்ளி இருக்கும் விசையில்தான் பாமினி 'இ'யை வைத்திருக்கிறது. ஆகவே ஆங்கில எழுத்துருவில் அச்சான எண்களுக்கு நடுவே இருந்த காற்புள்ளிகள் எல்லாம் 'இ' ஆகி, 65,610 என்பது 65இ610 என்று நிற்கும்.

இதற்கு நாங்கள் கண்ட வழி, மாற்றுவதற்கு முன் வேர்ட்டில் எழுத்துருவை வைத்துத் தேடுவது. பாமினி அல்லாத எழுத்துருவில் உள்ள ஆங்கிலத் துண்டுகளை மட்டும் பிடித்து, 99001, 99002 என்று நூலில் வேறெங்கும் வராத எண்களாக மாற்றிவிடுவோம். மாற்றி எண்களைத் தொடாது. மாற்றி முடிந்தபின் எண்களை எடுத்துவிட்டு 'கிலோமீற்றர்' என்று முழுச் சொல்லாகவே எழுதிவிடலாம். காதுக்கு அதுதான் நல்லது. எழுத்துருத் தகவல் தொலைந்த கோப்பு என்றால் இலக்கணம் கைகொடுக்கும். தமிழில் உயிரெழுத்து சொல்லின் நடுவே வராது. மாற்றிய கோப்பில் ஒரு சொல்லின் நடுவில் அ, இ, உ தெரிந்தால் அங்கே ஏதோ பிழை. (பழம்பாடல்களில் வரும் அளபெடை மட்டும் விதிவிலக்கு. அதைப் 'பிழை' என்று திருத்திவிட்டுத் தமிழ் ஆசிரியரிடம் ஏச்சு வாங்காதீர்கள்.)

இன்னொரு பிழை வரி முறிவால் வருவது. பாமினியில் 'கோ' என்பதைக் கொம்பு, க, கால் என்ற ஒழுங்கில் தட்டுவார்கள். பீ.டி.எஃப்பில் கொம்புக்கும் ககரத்துக்கும் நடுவே வரி முறிந்திருந்தால், மாற்றிய பின் கொம்பு அநாதையாக வரி முடிவில் நிற்கும், பக்கத்தில் ஒரு புள்ளிவட்டம் தெரியும். அதனால் மாற்றுவதற்கு முன்பே பந்திக்குள் இருக்கும் வரி முறிவுகளை நீக்கிவிடுங்கள்.

படமாக இருக்கும் பக்கங்களுக்கு ஸ்கான். 300 டிபிஐ, சாம்பல் நிறம். முழுக் கறுப்பு வெள்ளையில் ஸ்கான் செய்தால் மெல்லிய புள்ளிகள் மறைந்து 'பள்ளி' 'பளளி' ஆகும். பாடநூல் இலவசமாகவே வருவதால் வீட்டில் பழைய பிரதி ஒன்று இருந்தால் போட்டோக்கொப்பிக் கடையில் முதுகை வெட்டி எடுத்துத் தாள்தாளாக ஸ்கான் செய்யலாம். புத்தகத்தை விரித்து வைத்துத் தொலைபேசியில் எடுத்த படத்தில் நடுவோரம் வளைந்து, ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லும் பழுதாகும். கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டொக்ஸில் திறந்தால் தமிழை ஓரளவு நன்றாகவே உணரும். பத்துப் பத்துப் பக்கமாக உடைத்து ஏற்றுங்கள், நீண்ட கோப்பில் பின்பக்கங்கள் விடுபடும். இரண்டு நிரலில் அச்சான பக்கத்தை இரண்டாக வெட்டியே ஏற்றவேண்டும். இல்லாவிட்டால் இடது வரியும் வலது வரியும் ஒட்டிக்கொள்ளும்.

எழுத்துணரி விடும் பிழைகளில் மிகக் கெட்டது கண்ணுக்குத் தெரியாதது. ரகரமும் காலும் அச்சில் ஒரே மாதிரி. 'அவர்' என்பதில் ரகரத்துக்குப் பதில் காலைப் போட்டுப் புள்ளி வைத்தால் 'அவா்' என்று வரும், திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. திரைவாசிப்பான் அங்கே தடக்கி விழும். காலுக்கு மேல் புள்ளி தமிழில் எங்கும் வராது என்பதால் 'ா்' என்பதைத் தேடி 'ர்' என்று ஒரேயடியாக மாற்றிவிடலாம். அதேபோல் தமிழ் எண் ௧ ககரமாகவும் ௭ எகரமாகவும் நடிக்கும். ஐ, ஜ மாறும். எ, ஏ மாறுவதை மட்டும் தேடிப் பிடிக்க முடியாது, வாசித்துத்தான் ஆகவேண்டும்.

வாசித்து என்றால் கேட்டு. திருத்துபவர் கண்ணால் திருத்தினால் மேலே சொன்னவற்றில் பாதி தப்பிவிடும். என்.வி.டி.ஏ. இலவசத் திரைவாசிப்பான், அதை நிறுவி, என்.வி.டி.ஏ. விசையோடு (வழக்கமாக இன்சேர்ட்) கன்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் அழுத்தினால் திரை இருண்டுவிடும். அச்சுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அதோடு வரும் ஈஸ்பீக் குரல் தகரத்தில் தட்டியது போல இருக்கும், ஆனால் வேகமாக வைத்தாலும் தெளிவு கெடாது; பழகிய பிள்ளைகள் அதையே விரும்புவதுண்டு. புதிதாகத் தொடங்குபவருக்கு விண்டோஸின் 'வள்ளுவர்' குரல் இதம். செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், அதற்குள் ஸ்பீச், அங்கே தமிழ்க் குரலைச் சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் வேகம் ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 நிமிடம். படங்கள் உள்ள பக்கம் இந்தக் கணக்கில் அடங்காது.

எழுத்து சரியானால் மட்டும் புத்தகம் ஆகிவிடாது. 'எல்லாரும் 54ஆம் பக்கத்தை எடுங்கோ' என்று ரீச்சர் சொன்னதும் மற்றப் பிள்ளைகள் புரட்டிவிடுவார்கள். 200 பக்கக் கோப்பில் இந்தப் பிள்ளை எங்கே போகும்? ஆகவே ஒவ்வொரு அச்சுப் பக்கத்தின் தொடக்கத்திலும் 'பக்கம் 54' என்று தனி வரி எழுதி, அதற்கு வேர்ட்டில் ஹெடிங் 6 கொடுக்கிறோம். அலகுத் தலைப்புக்கு ஹெடிங் 1, உபதலைப்புக்கு 2. என்.வி.டி.ஏ. விசையோடு ஸ்பேஸ் தட்டி உலாவல் நிலைக்குப் போனால், 1 அழுத்த அடுத்த அலகு, 6 அழுத்த அடுத்த பக்கம். தலைப்பைத் தடித்த எழுத்தில் பெரிதாக்கி வைப்பதால் ஒரு பயனும் இல்லை, காதுக்குத் தடிப்புத் தெரியாது.

சிறு அட்டவணையை அப்படியே விடலாம். மூன்று நிரலுக்கு மேல் போனால் வரிவரியாக வாக்கியமாக்கிவிடுவது உத்தமம். இணைத்த கட்டங்கள் இருந்தால் கட்டாயம்.

படவிளக்கத்தில் பலரும் செய்யும் தவறு, 'இலங்கைப் படம்' என்று எழுதிவிட்டு நகர்வது. அந்தப் படம் எதற்காக அந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைத்தான் எழுத வேண்டும். ஆறுகள் பற்றிய பாடம் என்றால், 335 கிலோமீற்றர் நீளமான மகாவலி மத்திய மலைநாட்டில் பிறந்து கொட்டியாரக் குடாவில் கலக்கிறது என்பதே அதன் விளக்கம். அதற்கும் மேல், தொட்டுப் பார்க்க ஒரு படம் செய்து கொடுத்தால் பிள்ளை மறக்காது. ஏ4 அளவு மட்டையில் கரையோரத்துக்குச் சணல் கயிறு, ஆற்றுக்குத் தடித்த தையல் நூல், கடலுக்கு பைண்டர் கம் பூசி மணல். உப்புவெளிக் கரையில் அள்ளிய மணலை அப்படியே தூவினால் உப்பு ஈரத்தை இழுத்து ஒரு மாதத்தில் பிசுபிசுக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசி, காயவைத்து, சலித்த பிறகே தூவுங்கள். பிரெயில் புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரம் சுமார் 2.5 மில்லிமீற்றர். அதைவிட நெருக்கமாக இரண்டு கோடு போனால் விரலுக்கு ஒன்றாகவே படும். ஆறும் எல்லையும் நகரமும் ஒரே மட்டையில் வேண்டாம், ஒன்றுக்கு ஒரு மட்டை.

சமய நூல்களுக்கு வேறு சிக்கல். இஸ்லாம் நூலில் உள்ள அரபு வசனங்களைத் தமிழ்க் குரல் வாசிக்காமல் தாண்டிவிடும், பிள்ளைக்கு அங்கே வசனம் இருந்ததே தெரியவராது. 'இங்கே அரபு வசனம்' என்று ஒரு வரி எழுதி, மௌலவியிடம் ஓதச் சொல்லிப் பதிந்த ஒலிக்கோப்பைச் சேர்த்துவிடுகிறோம். சைவநெறியில் சீர் பிரித்து அச்சிட்ட தேவாரத்தை இயந்திரம் துண்டு துண்டாக வெட்டி வாசிக்கும். அங்கும் யாராவது பாடிப் பதிவதே வழி.

பிரெயிலில் கேட்கும் பிள்ளைக்கு இதே யூனிகோட் கோப்புத்தான் மூலம், மாற்றும் மென்பொருள் வேறு. தாள் கணக்கை மட்டும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். 'திருகோணமலை' அச்சில் 6 எழுத்து, பிரெயிலில் 10 அறை (ஆறு புள்ளிக்கான இடம் ஓர் அறை). 40 அறை கொண்ட வரியில் இடைவெளி விட்டு 3 தடவைதான் எழுதலாம். 120 கிராமுக்குக் குறைந்த தாளில் புள்ளி நிற்காது, நாலு தரம் தடவினால் அமுங்கிவிடும். சரிபார்ப்பவர் கண்ணால் பிரெயில் பார்ப்பவராக இருந்தால் ஒன்றைச் சொல்லி வையுங்கள்: மெய்யின் புள்ளி அங்கே எழுத்துக்கு முன்னால் வரும். 'க்' என்பது முதலில் 4ஆம் புள்ளி, பிறகு ககரம். புதியவர்கள் இதைப் பிழை என்று வட்டமிட்டு அனுப்புவார்கள்.

ரியூட் எனும் பயிற்சித் தாள், வகுப்புக் குறிப்பு, தவணை வினாத்தாள் எல்லாம் ஆண்டு முழுதும் வந்துகொண்டே இருக்கும். அவற்றை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட ஊற்றிலேயே சரிசெய்வது மலிவு. 'யூனிகோட்டில் தட்டுங்கோ சேர்' என்றால் பாமினியில் இருபது வருடம் பழகிய விரல் சம்மதிக்காது. எ-கலப்பை போன்ற மென்பொருளில் பாமினி விசைத்தளத்தைத் தெரிவு செய்தால், அவர் தட்டுவது அதே விசை, வருவது யூனிகோட். நேரில் போய் நிறுவி, அவர் பெயரை அவரையே தட்டச் சொல்லிக் காட்டிவிட்டு வாருங்கள். வினாத்தாளை வாட்ஸப்பில் படம் எடுத்து அனுப்பாமல் வேர்ட் கோப்பாகவே அனுப்பும்படியும் அப்போதே கேளுங்கள்.

முடித்த கோப்பின் பெயரில் தரம், பாடம் இவற்றோடு நூலின் பதிப்பாண்டையும் சேர்த்து எழுதுங்கள். மீள்பதிப்பில் பக்கம் நகர்ந்தால், அடுத்த ஆண்டுப் பிள்ளைக்கு ரீச்சர் சொல்லும் 54 வேறு, நம் கோப்பின் 54 வேறு. பாடம் மாறாதிருந்தால் ஹெடிங் 6 வரிகளை மட்டும் புதுப் பிரதியைப் பார்த்து நகர்த்தினால் போதும்; 200 பக்கத்துக்கு ஒரு பின்னேரம் பிடிக்கும்.